பிணம் எழுந்து உட்காரும் படம்

பழைய பஞ்சுக் கிடங்கில் சினிமாக் கொட்டகை திறந்த வருஷம், ஊரில் இறந்துபோனவர்கள் எல்லோரும் அடக்கத்துக்கு முன்னால் ஒரு தடவை எழுந்து உட்கார்ந்தார்கள். முதலில் உட்கார்ந்தவர் ரொட்டிக்கடைக்காரர். சவப்பெட்டியை வாசலில் வைத்து, மூடியை எடுத்துவர ஆள் உள்ளே போயிருந்த நேரம், அவர் முதுகை நிமிர்த்தி எழுந்தார். கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு மறுபடி படுத்துவிட்டார். டாக்டரைக் கூட்டிவந்தார்கள். டாக்டர் நாடி பிடித்து, இமையைத் தூக்கிப் பார்த்து, நேற்றுக் காலையில் எப்படி இறந்திருந்தாரோ அப்படியேதான் இருக்கிறார், ஒரு மாற்றமும் இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார். அதற்குப் பிறகு தபால்காரரின் மாமியார் உட்கார்ந்தாள். கூரை வேய்கிறவர் உட்கார்ந்தார். காலர் இல்லாதவர்கள் கழுத்தைத் தடவிக்கொண்டார்கள்.

காரணம் என்ன என்று யாரும் மண்டையைக் குடைந்துகொள்ளவில்லை. கொட்டகையில் ஓடிய படங்களிலேயே கூட்டத்தை இழுத்தது ஒரு சின்னச் சாவுப் படம். நெட்டையன் ஒருவன் செத்துப்போகிறான். தச்சன் அளவைத் தப்பாக எடுத்துவிட, பெட்டி குட்டையாகிப்போகிறது. காலை உள்ளே அமுக்கினால் தலை வெளியே வருகிறது, தலையை அமுக்கினால் கால் நீட்டிக்கொள்கிறது. அழுதுகொண்டிருந்த மனைவி, மைத்துனன், பக்கத்து வீட்டுக்காரி எல்லோரும் சேர்ந்து அமுக்குகிறார்கள். பார்த்துப் பார்த்துப் பொறுமையிழந்த பிணம் தானே எழுந்து உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றி வெளியே வைத்து, காலரைச் சரிசெய்து, முழங்காலை மடக்கிக்கொண்டு படுத்துவிடுகிறது. அவ்வளவுதான் படம். அதைப் பார்க்காத ஆலைக் காவல்காரர் இறந்தபோது எழுந்திருக்கவில்லை. கட்டை மாதிரி கிடந்து, அப்படியே போய்ச் சேர்ந்தார். நகரசபை கூடிப் படத்தைத் தடை செய்தது. ஆனால் அதற்குள் ஊரே பார்த்து முடித்திருந்ததால் தடையை எடுத்துவிட்டார்கள்.

போகப் போகப் பழகிவிட்டது. தச்சர்கள் பிணம் எழுந்து படுத்த பிறகே ஆணி அடித்தார்கள். வீட்டார், எழுந்திருக்கும்போது பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று தலையை வாரிவிட்டார்கள். கேள்வி கேட்டுப் பார்த்தவர்களும் உண்டு. சாவியை எங்கே வைத்தாய் என்று கேட்டதற்குக்கூட எந்தப் பிணமும் வாய் திறக்கவில்லை. ஆனால் அந்த ஒரு பார்வை போதுமாக இருந்தது. "ஒரு தடவை என்னப் பாத்துட்டாருல்ல, அது போதும்" என்று சொல்லிவிட்டு ரொட்டிக்கடைக்காரரின் மனைவி அன்றைக்கே சாப்பிட உட்கார்ந்தாள். சாவு வீடுகளில் அழுகை குறைந்தது என்று சொல்ல முடியாது. அழுது முடித்தவர்கள் கொஞ்சம் லேசாக வீடு திரும்பினார்கள்.

ஊரில் ஒரு வீட்டுக்கு மட்டும் இதனால் நிம்மதி கெட்டது. அது கொட்டகையில் படத்துக்குப் பேசுகிறவரின் வீடு. அப்போது படங்கள் ஊமையாக இருந்தன. திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று, யார் என்ன சொல்கிறார்கள் என்று விதவிதமான குரலில் பேசிக்கொண்டே போவார். இவர் அதற்கு முன்னால் ரயில் நிலையத்தில் வண்டி வருவதைக் கூவுகிற வேலையில் இருந்தவர். ஊர் அவரைக் குரல்காரர் என்றே கூப்பிட்டது. நெட்டைப் பிணத்துக்கு அவர் கொடுத்த மூக்கடைத்த குரலுக்காகவே ஆட்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். அவர் மனைவி கையுறைப் பட்டறையில் தையல்காரி. அவர்களுக்கு ஒரே மகள். கொட்டகை திறப்பதற்கு முந்தின வருஷம், பள்ளிக்கூடத்தில் பரவிய காய்ச்சலில் போய்விட்டாள். அவள் எழுந்து உட்காரவில்லை.

மனைவி கொட்டகைப் பக்கம் போனதே இல்லை. மகள் போன பிறகு வீட்டில் வாயே திறக்காத மனுஷன், வெளியே போய்ச் சாவை வைத்து ஊரைச் சிரிக்கவைக்கிறார் என்பது அவளுக்குத் தாங்கவில்லை. சண்டை போடவும் இல்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் படுத்துக்கொள்வாள். கூரை வேய்கிறவர் எழுந்து உட்கார்ந்ததைப் பட்டறையில் கேட்டுவிட்டு வந்த அன்றுதான், தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு நகராமல் நின்றாள்.

"எல்லார் வீட்லயும் எழுந்து ஒரு தடவை பாத்துட்டுப் போறாங்க. நம்ம பொண்ணு மட்டும் ஏங்க பாக்காமயே போனா?"

"அவ போனப்ப அந்தப் படமே வரலியேம்மா."

"அப்ப இப்ப கொண்டுபோய்க் காட்டுங்க."

அவர் தட்டைத் தொடவில்லை. மறுநாள் கொட்டகைக்காரரிடம் போய்க் கேட்டார். கொட்டகைக்காரருக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு குரல்காரர் முகத்தைப் பார்த்ததும் வந்த சிரிப்பு அடங்கியது. படப்பெட்டி அடுத்த ஊருக்குப் போகவேண்டியிருந்தது. ஒரு வாரம் தாமதமாகப் போகட்டும் என்றார். இயந்திரம் ஓட்டுகிற ஆபரேட்டர், "கையால சுத்துற மிஷின்தானே அண்ணே, எங்க வேணாலும் வச்சுச் சுத்தலாம். இருட்டு மட்டும் வேணும்" என்றார். இருட்டை மனைவி தைத்தாள். பட்டறையில் கையுறைகளின் உள்துணிக்கு வாங்கிப் போட்டிருந்த கறுப்புத் துணியைக் கேட்டு வாங்கி, மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் உட்கார்ந்து, வெளிச்சம் புகாதபடி தையல்மேல் தையல் போட்டு ஒரு கூடாரம் செய்தாள். கூட வேலை செய்கிற பெண்கள் கேள்வி கேட்காமல் ஆளுக்கொரு ஓரத்தை இழுத்துவைத்துத் தைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில், மகளின் கல்லறைமேல் கூடாரத்தைப் போட்டார்கள். உள்ளே ஒரு முனையில் இயந்திரம், மறு முனையில் படுக்கைவிரிப்பு, நடுவில் மகள். ஆபரேட்டர் கார்பைடு விளக்கைப் பற்றவைத்துக் கைப்பிடியைச் சுற்றினார். குரல்காரர் திரையோரம் நின்று வழக்கமான வசனத்தை ஆரம்பித்தார். மனைவி படத்தைப் பார்க்கவில்லை. திரையின் வெளிச்சம் புருஷன் முகத்தில் விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கடைத்த குரலில், "யோவ் தச்சரே, அளந்தது என்னையா, உன் பொண்டாட்டியையா?" என்று அவர் கேட்டபோது, கண்ணிலிருந்து நீர் கன்னத்தில் இறங்கி மோவாயில் நின்று சொட்டியது. குரல் பிசகவே இல்லை. ஒவ்வொரு காட்சிக்கும் அவர் இப்படித்தான் நின்றிருக்கிறார் என்பதும், கொட்டகை இருட்டில் அது யாருக்கும் தெரிந்திருக்காது என்பதும் அவளுக்கு அப்போது புரிந்தது. அந்தக் குரலுக்கு ஏன் மூக்கு அடைத்திருந்தது என்பதும்தான்.

படம் முடிந்தது. மண்ணுக்குள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. வெளியே காக்கை கத்தியது.

"போதும்மா, வீட்டுக்குப் போகலாம்" என்றார் அவர்.

மனைவி எழுந்துபோய் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். "இது ஊருக்குச் சொல்ற மாதிரி இருக்குங்க. அவளுக்குச் சாப்பாடு ஊட்டறப்ப சொல்லுவீங்களே, அந்த மாதிரி சொல்லுங்க."

ஆபரேட்டர் சுருளை முதலிலிருந்து ஏற்றினார். இந்தத் தடவை குரல்காரர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். வசனத்தை விட்டுவிட்டார். பிணத்தின் கட்டைவிரல் பெட்டிக்கு வெளியே எட்டிப்பார்த்ததும், கட்டைவிரலே பேச ஆரம்பித்தது. தலையண்ணே தலையண்ணே, நீங்க உள்ள போங்க, நான் கொஞ்சம் காத்து வாங்கறேன் என்றது. அதெப்படி, நேத்து நீதானே வெளிய இருந்தே, இன்னிக்கு என் முறை என்றது தலை. பூட்ஸ் குறுக்கே புகுந்து நியாயம் சொன்னது. அப்போது கல்லறைக்குள்ளிருந்து க்ளுக் என்று ஒரு சிரிப்பு கேட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் மறுபடி ஒன்று வந்தது. பிறகு மடை திறந்த மாதிரி விழுந்து விழுந்து சிரித்து, மூச்சு வாங்கி, கடைசியில் விக்கலில் போய் முடிந்தது. சிரித்தால் விக்கல் வருவது அவளுக்குப் பால்குடி மாறாத வயதிலிருந்தே இருந்த பழக்கம். "தண்ணி குடி, தண்ணி குடி" என்று மனைவி தன்னையறியாமல் சொன்னாள். சொன்னவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே மண்ணில் கன்னத்தை வைத்துப் படுத்து அழுதாள். அவர் நிறுத்தவில்லை. இந்தப் பக்கம் ரொட்டிக்கடைக்காரரின் கனத்த சிரிப்பு கேட்டது, அந்தப் பக்கம் கூரை வேய்கிறவர் இருமலோடு சிரித்தார். படம் தெரிந்தவர்கள் ஆனதால், பிணம் எழுவதற்கு முன்னாலேயே சிரித்தார்கள். ஆபரேட்டர் பயப்படவில்லை. கை நடுங்கினால் படம் துள்ளும் என்று இன்னொரு கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சுற்றினார்.

அன்று மாலை இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். உப்பு கொஞ்சம் தூக்கல் என்று அவர் சொன்னார், அடுத்த தடவை குறைத்துப் போடுகிறேன் என்று அவள் சொன்னாள். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது அவர் சாப்பாட்டைக் குறை சொல்லி.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடாரம் போடுவது வழக்கமாயிற்று. படப்பெட்டியைக் கொட்டகைக்காரர் விலைக்கே வாங்கிப் போட்டுவிட்டார். மற்றவர்களும் மணை, ஸ்டூல் என்று தூக்கிக்கொண்டு வந்தார்கள். யாருடைய சிரிப்பு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காதைக் கொடுத்துக் கேட்டு, இது எங்க அத்தை, இது எங்க சித்தப்பா என்று அடையாளம் சொன்னார்கள். அடக்கம் நடக்கும் நேரத்தில் படம் ஓட்டக்கூடாது என்று நகரசபை ஒரு விதி போட்டது, எல்லோரும் அதற்குக் கட்டுப்பட்டார்கள். பேசும் படங்கள் வந்து கொட்டகையில் குரல்காரருக்கு வேலை போனபோது அவர் ரயில் நிலையத்துக்கே திரும்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வேலையை மட்டும் விடவில்லை. சாவுப் படத்தின் சுருள் தேய்ந்து அறுந்த பிறகு, எந்தப் பழைய ஊமைப்படம் கிடைத்தாலும் கொண்டுவந்து ஓட்டினார்கள். ஒரு ஞாயிறு, இளவரசனும் இளவரசியும் தோட்டத்தில் நெடுநேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருக்கிற படம் வந்திருந்தது. குரல்காரர் எவ்வளவோ இழுத்துப் பார்த்தார். கீழேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. கடைசியில் மண்ணுக்குள்ளிருந்து நீளமாக ஒரு கொட்டாவி கேட்டது.

"அவளுக்குப் பிடிக்கலைங்க" என்றாள் மனைவி, துணியை மடித்துக்கொண்டே. "அடுத்த வாரம் நாய் வர்ற படமாப் பாத்து எடுத்துட்டு வாங்க."

சரி என்று சொல்லிவிட்டு அவர், வெளியூர்ப் படப்பெட்டி எந்த வண்டியில் வருகிறது என்று கேட்க நிலையத்துக்கு நடந்தார்.