மூத்தவள் இல்லாத வீட்டுச் சின்னவள்

எங்கள் கம்பெனிக்கு மூன்றாவது கல்யாணம் நடந்த வாரத்தில்தான், நான் எப்போதோ செத்துப்போயிருந்தது எனக்குத் தெரியவந்தது.

கல்யாணம் என்பது என் அம்மா நாகலெட்சுமியின் பேச்சு. ஒரு கம்பெனி இன்னொன்றோடு சேர்வதை அவளுக்கு வேறு எப்படித்தான் விளங்கவைப்பது? வக்கீல்களின் பழைய கோப்புகளுக்குள் வேண்டிய தாளைத் தேடிக் கொடுக்கும் மெஷின் ஒன்றை கொழும்பில் இரண்டு நண்பர்கள் ஓர் அறைக்குள் இருந்து செய்தார்கள். ஆரம்பம் அவ்வளவுதான். பிறகு கையெழுத்தை வாசிக்கத் தெரிந்த சென்னைக் கம்பெனி வந்து சேர்ந்தது. பிறகு ஆஸ்பத்திரிக் கோப்புகளில் தேடும் சிங்கப்பூர்க் கம்பெனி. இப்போது, 2006இல், லண்டன். ஒவ்வொரு தடவையும் தேயிலை மலைநாட்டு ஹட்டனில் எங்கள் கிளையின் வாசல் போர்டை மாற்றுவார்கள், கேக் வெட்டுவார்கள், ஆளுக்கொரு புதுத் தேநீர்க் கோப்பை கொடுப்பார்கள். அம்மா அந்தக் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். "இந்த மாப்பிள்ளையாச்சும் நெலைப்பானாடி சின்னவளே?"

வீட்டில் நான் சின்னவள். பெரியவள் என்று யாரும் கிடையாது, நான் ஒரே பிள்ளை. இருபத்தொன்பது வருஷமாக அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்கத் தோன்றாத மண்டு நான்.

ஆபீஸ் பேக்கரிக்கு மேல்மாடியில். பதினான்கு பேர் இருந்தோம். மெஷின் லட்சக்கணக்கான தாள்களை வாசித்துத் தள்ளும், சந்தேகம் வந்தால் மட்டும் எங்களைக் கேட்கும். திரையில் ஆள் விவரம் எழுதிய இரண்டு சீட்டுகள் வரும். ஒரே ஆளா, வேறு வேறா? 'ஒன்றாக்கு' என்பதை அழுத்தினால் சீட்டுகள் மெல்ல மிதந்து வந்து ஒன்றின்மேல் ஒன்று படிந்துவிடும். 'வேறு' என்றால் இன்னொரு கட்டம் திறந்து, இரண்டாவது ஆளைக் கூப்பிடும் பெயர் என்ன என்று கேட்கும். அந்தக் கட்டத்தைச் சேர்க்கச் சொன்னதே நாங்கள்தான். தோட்டத்து வரிசைவீடான ஒரு லயத்தில் நாலு மூக்கன் இருப்பார்கள், கூப்பிடும் பெயர் இல்லாவிட்டால் யார் யாரைக் கண்டுபிடிப்பது? மத்தியானத்துக்குமேல் ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வரும். கீழிருந்து பாண் வாசம் ஏறும். சீட்டுகள் மிதப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தால், விழித்திருக்கிறேனா தூங்குகிறேனா என்று எனக்கே மறந்துபோகும்.

அப்படி ஒரு திங்கட்கிழமை மயக்கத்தில்தான் அந்தச் சீட்டுகள் வந்தன. அந்த மாதம் தோட்டங்களின் பழைய பதிவேடுகள் ஓடிக்கொண்டிருந்தன. இடது பக்கம் என் பெயர்: இராஜகுமாரி, தகப்பன் மூக்கன், தாய் நாகலெட்சுமி, ஏழாம் நம்பர் லயம், பிறப்பு 1976 ஜனவரி. இறப்பு அதே வருஷம் ஏப்ரல், வயிற்றோட்டம். வலது பக்கம்: அதே பெயர், அதே தாய் தகப்பன், அதே பிறந்த தேதி. 1982இல் தோட்டப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கை. 1988இல் டைபாய்டு, ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒரே ஆள், தொண்ணூற்றெட்டு சதவீதம் என்றது மெஷின். செத்த பிள்ளை எப்படிப் பள்ளிக்கூடம் போனது என்று கேட்க அதற்குத் தெரியவில்லை.

சாயங்கால ரயிலில் வட்டகொடையில் இறங்கி வீட்டுக்குப் போனேன். அம்மா தண்ணீர் விழும் பீலிக்கரையில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். மெஷினில் வந்ததைச் சொல்லிக் கேட்டேன். அவள் நிமிரவே இல்லை.

"நீ பொறந்தப்ப ஒங்கப்பா பதியப் போகல. மழை, வேலன்னு நாள் ஓடிருச்சு. பள்ளிக்கொடத்துல சேக்கப் போனா சர்டிபிகேட் கேட்டாங்க. பொட்டியில அவளோடது இருந்துச்சு. லயத்துல எல்லாரும் செஞ்சதுதாண்டி."

"அவள எங்கம்மா பொதைச்சீங்க?"

"நாலாம் நம்பர் மலையில. பொறவு அங்கயும் தேயிலை வச்சுட்டாங்க." காலை மறுபடி கழுவினாள். "அவ மேல இருக்க அந்த ஒரு தேயிலை நெரைய மட்டும் நா யாருக்கும் விட்டுக்குடுத்ததில்ல. கங்காணி கத்துவாரு. கத்தட்டும்னு நானே கொழுந்து எடுப்பேன்."

அம்மாவுக்கு மலையில் நிரைச் சண்டைக்காரி என்று பெயர். சின்ன வயதில் அதற்காக நான் வெட்கப்பட்டிருக்கிறேன்.

"அவ பேரையும் புடுங்கி ஒனக்குக் குடுத்துட்டேன். அந்த மெஷினுக்குள்ளயாச்சும் அவ தனியா இருந்துட்டுப் போகட்டுமே" என்றாள். பிறகு, "ஒன் வேலைக்கு ஒண்ணும் ஆயிடாதுல்ல?" என்றாள்.

ஆகும். எங்கள் ஆபீஸ் பொறுப்பாளர் சஞ்சயன் சேர் யாழ்ப்பாணத்துக்காரர், ஒளித்துப் பேசத் தெரியாதவர். மறுநாள் நான் விஷயத்தைச் சொன்னதும் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"இஞ்ச பாரும் பிள்ளை. லண்டன்காரர் எங்கட எல்லாருடைய பத்திரமும் பாக்கப் போகினம். 'வேறு' எண்டு நீர் போட்டீரெண்டா, உம்மட பிறப்புப் பத்திரம் ஆருடையது எண்டு கேப்பினம். அடையாள அட்டை, சோதினை முடிவு எல்லாம் அதிலதானே நிக்குது. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு எங்கட வேலை முழுக்க அவையிட்டப் போயிடும். தொடாமல் விட்டா மெஷின் தானே ஒன்றாக்கிப் போடும். பேசாமல் விடும்."

பேசாமல் விடுவதுதான் புத்தி. மூன்று நாள் பேசாமல்தான் விட்டேன். ஆனால் எந்தச் சீட்டுகள் மிதந்து போய்ப் படிந்தாலும், கீழே போவது மூன்று மாதப் பிள்ளையாகவே தெரிந்தது. இந்த ஆறு வருஷ வேலையில் இப்படி எத்தனை பேரை எத்தனை பேர் மேல் போட்டு மூடினேனோ, கடவுளே.

வெள்ளிக்கிழமை நாலே முக்காலுக்கு வாசலில் பழைய போர்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். சுத்தியல் சத்தம் மாடிப் பலகையில் அதிர்ந்தது. பனியில் திரை மட்டும்தான் வெளிச்சமாக இருந்தது. நான் 'வேறு' என்பதை அழுத்தினேன். பயம்தான், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? கட்டம் திறந்தது. இரண்டாவது ஆளைக் கூப்பிடும் பெயர் என்ன? இராஜகுமாரி என்ற பெயரை அதன் சொந்தக்காரியிடமே விட்டுவிட்டு, எனக்குச் 'சின்னவள்' என்று அடித்தேன்.

பின்னால் சஞ்சயன் சேர் வந்து நின்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நின்றார்.

ஐந்து மணிக்கு இரண்டு நிமிஷம் இருந்தது. தேடும் இடத்தில் மூக்கன், நாகலெட்சுமி, ஏழாம் நம்பர் லயம் என்று அடித்தேன். மெஷின் கொஞ்சம் யோசித்தது. பிறகு இரண்டு நிரைகள் வந்தன.

மேலே அக்கா. கீழே நான்.