திறந்து காட்டாத மூடி

எங்க கடையில ஒரு விதி உண்டு. மதர்போர்டு வாங்க யார் வந்தாலும் பில்லைப் போட்டு பெட்டியைத் தூக்கிக் கையில கொடுத்துடக் கூடாது. பெட்டியைப் பிரிச்சு போர்டை மேசைமேல வைக்கணும். நடுவுல இருக்கிற கறுப்பு பிளாஸ்டிக் மூடியைத் தூக்கணும். அதுக்குக் கீழதான் ப்ராசஸர் உட்கார்ற சாக்கெட் இருக்கு. அதுல ஆயிரத்துக்கும் மேல பின்னுங்க, முடி மாதிரி சன்னமா, வரிசை கட்டி நிக்கும். டார்ச் அடிச்சு, "எல்லாம் நேரா இருக்கா, பாத்துக்கோங்க"ன்னு கேட்டு, வாங்கறவர் தலையாட்டினதும் ஒரு போட்டோ எடுத்து வச்சுட்டு அப்புறம்தான் மூடணும். அதுல ஒரு பின் வளைஞ்சாலும் போர்டு வேலை செய்யாமப் போயிடும், கம்பெனிக்காரனும் திருப்பி எடுக்க மாட்டான். வளைச்சது கடையா, வாங்கினவரான்னு சண்டை வந்தா சாமியே இறங்கி வந்தாலும் பஞ்சாயத்து தீராது.

இந்த விதியைக் கொண்டு வந்தது முதலாளின்னு நினைக்காதீங்க. நான்தான். சர்வீஸ் மேசையில பன்னிரண்டு வருஷமா குந்தியிருக்கிறவ நான். போன வருஷம் காட்டாம வித்த ஒருத்தனை வேலையை விட்டு அனுப்பச் சொன்னதும் நான்தான். அவன் என் முன்னாடி நின்னு அழுதான், நான் ஸ்க்ரூ முடுக்கிக்கிட்டே, "விதின்னா எல்லாருக்கும்தான்"னு சொன்னேன். அந்தக் கறாரைப் பாத்துத்தான், அடுத்த மாசம் திறக்கப் போற புதுக் கிளையில சர்வீஸ் பொறுப்பு மொத்தமும் எனக்குன்னு முதலாளி எல்லார் முன்னாடியும் சொன்னார். எங்கம்மா அதை ஊரெல்லாம் சொல்லிட்டு இருந்தாங்க.

அப்பேர்ப்பட்ட நான், என் தங்கச்சி வீட்டுக்காரருக்கு மூடியைத் திறந்து காட்டாம கொடுத்தேன்.

மாப்பிள்ளை ஒரு ஆபீஸ்ல சூப்பர்வைசர். தானே கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணணும்னு ஆசை, வீடியோவாப் பாத்துத் தள்ளியிருக்கார். ஆசைப்படறதுல தப்பில்லை. ஆனா மனுஷன் தொட்டாச்சிணுங்கி. ஒரு தடவை, மானிட்டர் ஒயரை மாத்திச் சொருகியிருக்கீங்கன்னு நான் சாதாரணமா சொன்னதுக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு ஆறு மாசம் தங்கச்சியை எங்க வீட்டுப் பக்கமே அனுப்பலை. அவ எங்ககூட போன்ல பேசினாக்கூட ஸ்பீக்கர்லதான் பேசணும்.

அன்னிக்கு சனிக்கிழமை சாயங்காலம். அவங்க வர்றதுக்கு முன்னாடியே அம்மா போன் பண்ணி, "மாப்பிள்ளை வர்றார், உன் கடைப் பவிசையெல்லாம் அவர்கிட்ட காட்டாத, வாயைக் கொஞ்சம் கட்டி வை"ன்னு ஓதிட்டாங்க. ரெண்டு பேரும் வந்தாங்க. போர்டை எடுத்தேன், பெட்டி ஸ்டிக்கர்ல பிளேடை வச்சேன்.

"என்னக்கா, பிரிக்கிறீங்க?"

"சாக்கெட்டைக் காட்டிடறேன் மாப்பிள்ளை. எல்லாருக்கும் காட்டறதுதான்."

அவர் சிரிச்சார். "எல்லாருக்கும் சரி. எங்க மேலயுமா சந்தேகம்?"

அவருக்குப் பின்னாடி நின்ன தங்கச்சி என்னைப் பாத்தா. வேண்டாம்க்கா, விட்டுடு, வீட்டுக்குப் போனா நான்தான் கேட்டுக்கணும்னு அந்தக் கண்ணுல எழுதி ஒட்டியிருந்துச்சு. நான் பிளேடை எடுத்துட்டேன். "அப்போ நாளைக்கு நானே வந்து மாட்டித் தரட்டுமா?"ன்னு மட்டும் கேட்டேன்.

"எதுக்குக்கா? நாலு ஸ்க்ரூ. இதுக்கு ஒரு ஆளா?"

பெட்டியைக் கக்கத்துல வச்சுக்கிட்டுக் கிளம்பிட்டார்.

மறுநாள் காலையில தங்கச்சி போன் பண்ணினா. பாத்ரூம்ல இருந்து பேசறா போல, தண்ணியைத் திறந்து விட்டுட்டுக் குசுகுசுன்னு பேசினா.

"அக்கா, அவர் ப்ராசஸரை வைக்கிறப்ப கை தவறிடுச்சு. ஓரமா டொக்குனு அந்த ஊசிங்க மேல விழுந்துச்சு. நான்தான் டார்ச் பிடிச்சிட்டு இருந்தேன், என் கண்ணால பாத்தேன். இப்ப டிஸ்ப்ளே வரமாட்டேங்குது. போர்டுல சிவப்பா ஒரு லைட்டு மட்டும் எரியுது."

"அவருக்குத் தெரியுமா, அதனாலதான்னு?"

"தெரியும். நான் பாத்ததும் அவருக்குத் தெரியும். அதான் காலையில இருந்து பேசலை."

"சரி, பயப்படாத. நாலஞ்சு பின்தான் படுத்திருக்கும். லென்ஸை வச்சு ஊசி நுனியால நிமித்திடுவேன், எத்தனையோ பண்ணியிருக்கேன். அவரையே எனக்குப் போன் பண்ணச் சொல்லு."

"நான் சொன்னேன்னு காட்டிக்காத."

"காட்டிக்க மாட்டேன் போ."

நாள் முழுக்க போனைப் பாத்துட்டு இருந்தேன். கூப்பிடலை. கூப்பிட்டிருந்தா அரை மணி நேர வேலை, யாருக்கும் தெரியாம முடிஞ்சிருக்கும். கை தவறிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா மனுஷன்? யாருக்குத்தான் கை தவறாது? எனக்கே தவறியிருக்கு.

திங்கட்கிழமை கடை திறந்ததும் ரெண்டு பேரும் வந்தாங்க. மாப்பிள்ளை என் மேசையைத் திரும்பிக்கூடப் பாக்காம நேரா முதலாளி ரூமுக்குள்ள போனார். அக்கா, எப்படி இருக்கீங்கன்னுகூட கேட்கலை. கொஞ்ச நேரத்துல முதலாளி கூப்பிட்டார்.

போர்டு அவர் மேசைமேல இருந்துச்சு, மூடி திறந்து.

"வாங்கினப்பவே பின் வளைஞ்சிருந்துச்சுன்னு சொல்றார். போட்டோ எங்கம்மா?"

"எடுக்கலை சார்."

முதலாளி பேனாவைக் கீழே வச்சார். அவர் கத்தற ஆள் கிடையாது. "எடுக்கலையா, காட்டவே இல்லையா?"

"காட்டலை."

லென்ஸை எடுத்துப் பாத்தேன். ஒரு மூலையில பத்துப் பதினஞ்சு பின், எல்லாம் ஒரே பக்கமா படுத்துக் கிடந்துச்சு, ப்ராசஸர் மேல சூடு தணியத் தடவற சாம்பல் கலர் பேஸ்ட் வேற அதுங்க நடுவுல அப்பியிருந்துச்சு. விழுந்ததை எடுத்து, மறுபடி வச்சு, அமுக்கி, ஒரு வழி பண்ணியிருக்கார். என் ஊசிக்கும் இனி வேலை இல்லை.

"சார், இது ப்ராசஸர் விழுந்ததால வளைஞ்சது"ன்னேன்.

"அப்போ நான் பொய் சொல்றேனா அக்கா?" மாப்பிள்ளை குரலை உயர்த்தவே இல்லை. தங்கச்சி பக்கம் திரும்பினார். "நீயே சொல்லு. பக்கத்துலதானே இருந்தே? மூடியைத் தூக்கினப்ப எப்படி இருந்துச்சு?"

அவ ஹேண்ட்பேக் வாரைப் பிடிச்சிட்டு நின்னா. என்னைப் பாக்கலை. முதலாளி முகத்தைப் பாத்து, "வளைஞ்சுதான் சார் இருந்துச்சு"ன்னா.

சின்ன வயசுல பொய் சொன்னா திக்குவா. இப்ப திக்கலை. மாப்பிள்ளை நல்லா பழக்கிட்டார்.

கஸ்டமருங்க பேச்சு மாறுவாங்கன்னு எங்க சர்வீஸ் போன்ல வர்ற அழைப்பெல்லாம் தானா பதிவாகும். அது என் சட்டைப் பையிலதான் எப்பவும் இருக்கும், ஞாயித்துக்கிழமைகூட. தங்கச்சி அந்த நம்பருக்குத்தான் பேசியிருந்தா. கை தவறிடுச்சு, டொக்குனு விழுந்துச்சு, என் கண்ணால பாத்தேன், எல்லாம் அதுல இருக்கு. ஒரு தட்டு தட்டினா ரூம் முழுக்க அவ குரல் கேட்கும். என் வேலை, புதுக் கிளை, பன்னிரண்டு வருஷ மானம் எல்லாம் பிழைச்சிடும்.

"நீ என்னம்மா சொல்ற?"ன்னு முதலாளி கேட்டார்.

கை பைக்குள்ள போயிடுச்சு. பொய் சொல்ல மாட்டேன், போயிடுச்சு. அப்பத்தான், இங்கேர்ந்து கிளம்பினா ரெண்டு பேரும் ஒரே வண்டியிலதானே வீட்டுக்குப் போகணும்னு தோணுச்சு. போய் கதவைச் சாத்தினதுக்கு அப்புறம் அந்த வீட்டுக்குள்ள அவர்கூட அவ தனியாத்தானே இருப்பா.

"காட்டாம கொடுத்தது நான்தான் சார். தப்பு என்னோடது."

முதலாளி என்னையே பாத்தார். அவர் காதுல பூ சுத்த முடியாது, முப்பது வருஷமா வியாபாரம் பண்றவர். நான் வேற ஏதாவது சொல்வேன்னு காத்திருந்தார். நான் பையில இருந்து கையை வெறுமனே வெளியே எடுத்தேன்.

"விதி நீ போட்டதும்மா."

"தெரியும் சார்."

"போன வருஷம் அந்தப் பையனுக்கு நாம என்ன பதில் சொன்னோமோ, அதையேதான் உனக்கும் நான் சொல்லணும். இல்லைன்னா கடையில ஒருத்தனும் என்னை மதிக்க மாட்டான்."

புதுப் போர்டு வந்துச்சு. முதலாளியே பிரிச்சு, மூடியைத் தூக்கி, டார்ச் அடிச்சார். மாப்பிள்ளை குனிஞ்சு பாத்துட்டு, "ஆங், இப்படித்தான் இருக்கணும்"னார். அதோட விட்டாரா? "இதை அக்காவே வந்து மாட்டிக் கொடுத்துடட்டும் சார். அப்புறம் எங்க மேல பழி வரக் கூடாது பாருங்க." முதலாளி என்னைப் பாக்காமலே, "முடிச்சுட்டு வந்து கணக்கைத் தீர்த்துக்கோம்மா"ன்னார்.

அவங்க வீட்டுல சாப்பாட்டு மேசைமேல போர்வை விரிச்சு கேபினெட்டைப் படுக்க வச்சிருந்தாங்க. உள்ளே பாத்தா, போர்டைத் தாங்கற பித்தளைக் குமிழ்ல ஒண்ணு வேற ஓட்டையில இருந்துச்சு. பின்பக்கத் தகடு மாட்டவே இல்லை. வாயைத் திறக்காம எல்லாத்தையும் சரி பண்ணினேன். மாப்பிள்ளை சோபாவுல காலை நீட்டி வீடியோ பாத்துக்கிட்டே, "அந்த ஒயர் அங்க வராதே அக்கா"ன்னு ரெண்டு தடவை சொன்னார். அங்கதான் வந்துச்சு.

டார்ச் பிடிச்சது தங்கச்சி. சாக்கெட் மேல நேரா வெளிச்சம் அடிச்சா, கை ஆடலை. ப்ராசஸர் மூலையில இருக்கிற முக்கோணத்தையும் சாக்கெட்டோட முக்கோணத்தையும் ஒண்ணாக்கி, பூ வைக்கிற மாதிரி வச்சுட்டுக் கையை எடுத்தேன். அதுவா உட்கார்ந்துச்சு. கம்பியை மடக்கி மாட்டினேன். பட்டாணி அளவு பேஸ்ட் வச்சு அதுமேல ஃபேனை இறக்கினேன். ராம் மெமரியை ரெண்டாவது, நாலாவது ஸ்லாட்ல அமுக்கினேன். மூணு மணி நேரத்துல அவகிட்ட நான் பேசினது "கொஞ்சம் இந்தப் பக்கம் காட்டு" மட்டும்தான். பேசினா அழுதுடுவேனோ அறைஞ்சுடுவேனோன்னு எனக்கே தெரியலை.

பட்டனை அமுக்கினதும் சிவப்பு லைட் வந்து அணைஞ்சு, திரை வெளுத்துச்சு. செட்டிங்ஸுக்குள்ள போய் தேதியைச் சரி பண்ணி, மெமரி முழு வேகத்துல ஓடறதுக்கு வச்சு, எந்த டிஸ்க்ல இருந்து தொடங்கணும்னு சொல்லிக் கொடுத்து, சேமிச்சு வெளியே வந்தேன். நல்லாத்தான் ஓடுச்சு. என் கை வேலை என்னிக்கும் சோடை போனதில்லை.

மாப்பிள்ளை எழுந்து வந்து பாத்தார். "பாத்தீங்களா? போர்டுலதான் கோளாறுன்னு நான் அப்பவே சொன்னேன்." அப்புறம் பெரிய மனசு பண்ணி, "கடையில அப்படிச் சொல்லிட்டாங்களேன்னு கவலைப்படாதீங்கக்கா. எங்க ஆபீஸ்ல ரிசப்ஷனுக்கு ஆள் கேட்டாங்க. உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிப் பாக்கறேன்"னார். நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கணும்னு இருந்துச்சு. ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பையில போட்டுக்கிட்டேன்.

தங்கச்சி மாடிப்படி வரைக்கும் கூட வந்தா. கதவை லேசா சாத்திட்டு வந்தா. மன்னிப்பு கேட்பான்னு நினைச்சேன். கேட்டா என்ன சொல்றதுன்னுகூட யோசிச்சு வச்சிருந்தேன். விடுடி, வேலைதானே, வேற கிடைக்காமலா போயிடும், நீ ஜாக்கிரதையா இரு. இவ்வளவுதான் சொல்ல நினைச்சேன்.

"ஏன்க்கா, அன்னிக்கு நீ ஏன் அந்த மூடியைத் திறந்து காட்டலை?"ன்னா.

படியில வச்ச காலை எடுத்துட்டு அவளைத் திரும்பிப் பாத்தேன்.

"வர்றவங்க போறவங்க எல்லாருக்கும் காட்டறே. எங்களுக்கு மட்டும் ஏன் காட்டலை? எங்களையும் வெளியாளா நெனச்சு காட்டியிருந்தா, அவர் அப்படிச் சொல்லியிருக்கவே முடியாது. எனக்கும் அங்க நின்னு பொய் சொல்ற தலையெழுத்து வந்திருக்காது. உன்னாலதான்க்கா எல்லாம்."

கண்ணுல தண்ணி இல்லை. மனசார நம்பித்தான் சொல்றா. அவ சொன்னதுல தப்பும் இல்லை, அதுலதான் எனக்கு வயிறெரிஞ்சுச்சு. அவ முகத்துக்காகத்தான் பிளேடை எடுத்தேன்னு சொல்லலாம். பையில இருக்கிற போனை எடுத்துக் காட்டலாம். எதுக்கு?

"சரி, இனிமே வெளியாளாவே நெனச்சுக்கறேன்"னு சொல்லிட்டுப் படியிறங்கினேன்.

பின்னாடியிருந்து கூப்பிடுவான்னு தெருமுனை வரைக்கும் மெதுவாத்தான் நடந்தேன். கூப்பிடலை.