மடங்கிய இரண்டு விரல்கள்

மாரிச்செல்விக்கு மேடைப் பயம் கிடையாது. வார்சாவிலும் டோக்கியோவிலும் நிரம்பிய அரங்குகளில் பியானோ வாசித்தவள். ஆனால் இராஜபாளையத்துக் கல்யாண மண்டபத்தில், மதுரையிலிருந்து வாடகைக்கு வந்த பியானோவின் முன்னால் உட்கார்ந்தபோது அவளுக்குப் பயமாக இருந்தது. முதல் வரிசையில் அப்பா சிவபாண்டி உட்கார்ந்திருந்தார்.

சிவபாண்டிக்குச் சொந்த ஊர் வன்னியம்பட்டி. ராணுவ பேண்டில் கிளாரினெட் வாசித்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். வெலிங்டன் ராணுவ முகாமில் இருந்த காலத்தில், மெஸ்ஸில் கிடந்த பியானோவை விட்டு மகள் நகர மறுப்பதைப் பார்த்து, குன்னூரில் ஒரு கன்னியாஸ்திரியிடம் வகுப்பில் சேர்த்தார். வகுப்பு முடியும்வரை வெளியே மழையில் நிற்பார். அங்கிருந்து சென்னை, பிறகு உதவித்தொகையில் புடாபெஸ்ட் என்று அவள் போய்க்கொண்டே இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா இறந்தபோது ஒரு கச்சேரியை முடித்துவிட்டுத்தான் விமானம் ஏறினாள். அப்பாவால் ஒருமுறைகூட அவள் கச்சேரிக்குப் போக முடியவில்லை. முதல்முறை விசா கிடைக்கவில்லை. அடுத்தமுறை மூட்டு அறுவை சிகிச்சை. செல்போனில் கேட்டதோடு சரி. ஆனாலும் ஊரில் அவர் பேச்செல்லாம் மகளைப் பற்றித்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் ப்ராக் நகரத்தில் வாசித்துக்கொண்டிருந்தபோது அவளுடைய வலது கையின் கடைசி இரண்டு விரல்கள் தாமாகவே உள்ளே மடங்கின. கையில் கோளாறு இல்லை, மூளைதான் அந்த விரல்களுக்குத் தப்பாகச் சொல்கிறது என்றார்கள் மருத்துவர்கள். ஊசி போட்டார்கள், பயிற்சி கொடுத்தார்கள். எதிலும் குணமாகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிச் சொல்லிக் கச்சேரிகளை ரத்து செய்தாள். அப்பாவிடம் லீவு என்று சொல்லி ஊருக்கு வந்தாள்.

வந்த இடத்தில் தம்பி காளிராஜ் பாராட்டு விழா ஏற்பாடு செய்துவிட்டான். இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி யூனிட் வைத்திருப்பவன். அவள் எவ்வளவோ மறுத்தாள்.

"அப்பாவுக்காகக்கா. அவரு இன்னும் எம்புட்டு நாளு இருப்பாரு?" என்றான்.

வலது கைக்கு அதிகம் வேலையில்லாத மெதுவான ஒன்றைத் தேர்ந்தெடுத்து வாசித்தாள். பாதியில் விரல்கள் மடங்கின. மெட்டை இடது கைக்கு மாற்றி, விட்டதை விட்டு, எப்படியோ முடித்தாள். மண்டபம் கை தட்டியது. பொன்னாடை போர்த்தினார்கள். அப்பா மட்டும் இரண்டு கைகளையும் கம்பின்மேல் வைத்தபடி அசையாமல் இருந்தார்.

 வீட்டுக்கு வந்ததும் அப்பா அவள் வலது கையைப் பிடித்து விரல்களை நீட்டிப் பார்த்தார்.

"இப்ப நல்லா நீளுதே?"

"சும்மா இருந்தா ஒண்ணுமில்லப்பா. பியானோவுல வச்சாத்தான் மடங்குது."

"வலிக்குதாம்மா?"

"வலிச்சாத் தேவலையே."

அவர் அழுவார் என்று பயந்திருந்தாள். அவர் அழவில்லை. மறுநாளே ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வர்ம வைத்தியரிடம் அழைத்துப்போனார். எண்ணெய், கட்டு, பத்தியம். அது கேட்காமல் போகவே மகாராஜபுரத்தில் இன்னொருவர். ஒவ்வொரு சாயங்காலமும் காளிராஜ் வாங்கிவைத்த கீபோர்டில் அவளை உட்காரவைத்து, "இன்னைக்கு வாசி, பாப்போம்" என்பார். விரல் மடங்கும். "நாளைக்குச் சரியாயிரும்" என்று எழுந்து போவார். அவருடைய நம்பிக்கையைத் தாங்குவதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

தென்காசியில் ஒருவர் இருக்கிறார் என்று அவர் கிளம்பிய காலையில் அவள் எழுந்திருக்கவில்லை.

"நான் வரலப்பா. இது சரியாகாது."

"அப்படிச் சொல்லாத. மழையில நின்னதெல்லாம் இதுக்குத்தானா?"

சொல்லி முடித்ததும் அவர் முகமே மாறிவிட்டது. சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்கே தெரிந்தது. அவள் போனை எடுத்து, கச்சேரிகளை ஏற்பாடு செய்யும் ஏஜென்சிக்கு, இனி வாசிக்கப்போவதில்லை என்று எழுதினாள். எழுதியதைத் தமிழில் அவரிடம் சொன்னாள். அவர் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"சரி. அனுப்பிரு" என்றார்.

அடுத்த மாதம் அவள் புடாபெஸ்ட் திரும்பினாள். தான் படித்த இசைக் கல்லூரியிலேயே ஆரம்ப வகுப்புகளுக்குப் பாடம் நடத்தும் வேலை கிடைத்தது. பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட முடியாது. வாயால்தான் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்த பெரிய பியானோவை ஒரு மாணவிக்குக் கொடுத்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் காளிராஜ் சொன்னான்: "அப்பா இப்பல்லாம் உங்களப் பத்திப் பேசுறதே இல்லக்கா. யாராச்சும் கேட்டா, எம்மக பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கான்னு சொல்லிட்டு உள்ள போயிருதாரு."

"அவருகிட்ட போனக் குடு."

கொடுத்தான். 

"சாப்ட்டியாம்மா?" என்றார் அப்பா.

"சாப்ட்டேன்ப்பா" என்றாள். அவர் போனைக் காளிராஜிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.