குடும்பத்தோடு கூடிய அறை

அந்த மலைநகரத்தில் குடும்ப அறை என்றால் குடும்பத்தோடு கூடிய அறை. கட்டில், கண்ணாடி, வெந்நீர்க் குழாய் மாதிரி குடும்பமும் அறைக்குள்ளேயே இருக்கும். வாடகையில் அதுவும் சேர்த்தி. சித்திரை மாதம் மனைவி மக்களோடு பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகுதான் கொண்டல்சாமிக்கு இது தெரிந்தது.

கொண்டல்சாமிக்குச் சாத்தூரில் ஒரு சேவுக்கடையில் வேலை. நாள் முழுக்க எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்பான். மனைவி வேலுத்தாய் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவள். தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து குச்சி அடுக்குவாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் நகை கேட்டதில்லை, பட்டுச்சேலை கேட்டதில்லை. ஒரு தடவையாவது குளிரில் பல் கிட்டிப்போய் நிற்க வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தாள். வருஷா வருஷம் அவன் சரி என்பான். இந்த வருஷம்தான் கூட்டி வந்தான். மூத்தவள் மாரிக்கனியும் இளையவன் காளிராஜும் யாரிடமோ இரவல் வாங்கிய ஸ்வெட்டர்களை ஊரிலேயே மாட்டிக்கொண்டு வந்தார்கள்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த லாட்ஜில் மேனேஜர் ஓர் அறையைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு பெண் துணி மடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பிள்ளைகள் தரையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் கொண்டல்சாமியை நிமிர்ந்து பார்த்து, ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டாள். வேலுத்தாய் அவன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

கொண்டல்சாமி மேனேஜரைத் தனியே கூப்பிட்டான்.

"எனக்குக் குடும்பம் இருக்கு சார். கூடவே வந்திருக்காங்க."

"தெரியுது அண்ணாச்சி. அப்ப ரெண்டு குடும்பம் ஆயிருதே. ரெண்டு வாடகை."

"குடும்பம் இல்லாத ரூமு ஒண்ணு குடுங்க."

"அது பேச்சிலர் ரூம். குடும்பத்தோட வர்றவங்களுக்குத் தர்றதில்ல."

ஒரு வாடகையே அவனால் முடியாது. கீழே போகப் போக மலிவு என்று மேனேஜர் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. பிள்ளைகளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்துத்தான் அனுப்பினார்.

அவர்கள் மலைப்பாதையில் இறங்கி நடந்தார்கள். அவர் சொன்னது உண்மைதான். முதல் வளைவில் இருந்த லாட்ஜில் வாடகை குறைவு, குடும்பமும் குறைவு. ஒரு மாமியாரும் மருமகளும் மட்டும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அதுவும் கட்டுப்படியாகவில்லை. அதற்குக் கீழே ஒன்றில் ஒரு மச்சான் மட்டும் இருந்தான். கட்டிலில் குறுக்கே படுத்திருந்தான். ஒதுங்கிப் படுப்பானா என்று கேட்டதற்கு, அது அவனாகப் பார்த்துச் செய்ய வேண்டியது என்றார்கள். இன்னும் கீழே ஒரு விடுதியில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஓர் இருமல் மட்டும் கேட்டது. அதுதான் குடும்பம். அந்த வாடகை கொண்டல்சாமிக்குக் கட்டுப்படியாகும். அவன் உடனே சரி என்றான்.

அறை வராந்தாவின் கடைசியில் இருந்தது. நடந்தார்கள். வராந்தா நீண்டது. நீண்டதோடு சரியவும் செய்தது. பாதி வழியில் மாரிக்கனி ஸ்வெட்டரைக் கழற்றினாள். கொஞ்ச தூரத்தில் காளிராஜ் சட்டையையும் கழற்றினான். கதவைத் திறந்தபோது அனல் முகத்தில் அடித்தது. ஜன்னலுக்கு வெளியே அடிவாரத்து வயல்களும், வெயிலில் ஒரு லாரியும் தெரிந்தன.

வேலுத்தாய் அறைக்குள் போகவில்லை. வாசலிலேயே உட்கார்ந்தாள்.

"இது நம்ம ஊரு மாதிரில்ல இருக்கு," என்றாள்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பான்.

வராந்தா கூட்டிக்கொண்டிருந்த சகாயமேரி என்ற பெண் இவர்களைப் பார்த்து விளக்குமாற்றைச் சாய்த்து வைத்தாள். மேலே ஏரிக்கரை ஓட்டலில் சீசனுக்குக் குடும்பம் பத்தாமல் கஷ்டப்படுகிறார்கள் என்று சொன்னாள். மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார்கள். தங்குவது சும்மா, சாப்பாடு சும்மா, கம்பளி சும்மா. தகப்பன் தேவையில்லை. அறை எடுக்க வருகிறவர் அந்த இடத்தில் இருந்துகொள்வார். ராத்திரி அவர் கட்டிலில், குடும்பம் கீழே ஜமுக்காளத்தில். ஒரு தப்பும் நடக்காது.

வேலுத்தாய்தான் பேசினாள்.

"நாலு நாளுதான. பிள்ளைக குளிரப் பாக்கட்டும்."

"நான்?"

"நீங்க பக்கத்துல எங்கயாச்சும் இருங்க."

அதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்காமல் சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

ஏரிக்கரை ஓட்டலை நடத்தும் அம்மாள் மூவரையும் பரிசோதித்தாள். வேலுத்தாயைக் கட்டில் ஓரத்தில் உட்காரச் சொன்னாள். பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடுவது மாதிரி ஒரு தடவை கூப்பிடச் சொன்னாள். காளிராஜைச் சிரிக்கச் சொன்னாள். எல்லாம் பிடித்திருந்தது. மூத்தவள் மட்டும் கொஞ்சம் உயரம் என்றாள். மாரிக்கனி முழங்காலை மடக்கி நின்றாள். இப்போது சரியாக இருக்கிறது என்றாள் அந்த அம்மாள்.

இந்த அறையையே தான் வாடகைக்கு எடுத்தால் என்ன ஆகும் என்று கொண்டல்சாமி கேட்டான். அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தி, துக்க வீட்டில் பேசுகிற மாதிரி, தொகையைச் சொன்னாள்.

அதன் பிறகு அவன் ஏரியைச் சுற்றினான். சுற்றுகிறவர்களுக்கு வாடகை இல்லை. மறுநாள் காலை அவர்கள் எதிரே வந்தார்கள். அறையை எடுத்திருந்தவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். சாந்தமான முகம். பிள்ளைகளுக்குச் சுட்ட மக்காச்சோளம் வாங்கிக் கொடுத்திருந்தார். காளிராஜ் அவர் தோளில் உட்கார்ந்திருந்தான். அப்படித் தூக்கிக்கொள்ள கொண்டல்சாமிக்கு ஊரில் நேரம் கிடைத்ததில்லை. மாரிக்கனி முழங்காலை மடக்கியபடியே நடந்து வந்தாள்.

வேலுத்தாய் நின்றாள். புதுக் கம்பளி போர்த்தியிருந்தாள்.

"யாருங்க இவரு?" என்று கோயம்புத்தூர்க்காரர் கேட்டார்.

"எங்க ஊர்க்காரரு."

கோயம்புத்தூர்க்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். கொண்டல்சாமியும் கும்பிட்டான். காளிராஜ் மேலேயிருந்து குனிந்து பார்த்து, "மாமா," என்றான். யாரும் அவனைத் திருத்தவில்லை.

கொண்டல்சாமிக்குக் கேட்க எவ்வளவோ இருந்தது. "குளிருதா?" என்று மட்டும் கேட்டான்.

"ரொம்பக் குளிருதுங்க," என்றாள் வேலுத்தாய். அவள் பற்கள் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டன. அவள் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. "நீங்க சாப்டீங்களா?"

சாப்பிட்டேன் என்றான். அவர்கள் படகுத்துறைப் பக்கம் போனார்கள். அவன் இன்னொரு சுற்று சுற்றினான். ஏரி முந்தைய நாளைவிடப் பெரிதாக இருந்தது.

ஊருக்குத் திரும்புகிற நாள் அவன் பையை எடுத்துக்கொண்டு ஓட்டலுக்குப் போனான். அந்த அம்மாள் அன்போடு உட்காரச் சொன்னாள். அறையை எடுத்தவர் காலி செய்யலாம், அறை தன்னைத்தானே காலி செய்ய முடியாது என்று விளக்கினாள். கட்டிலைத் தூக்கிக்கொண்டு போக யாரையாவது விட்டால் ஓட்டல் நடத்த முடியுமா என்று கேட்டாள். அவன் சத்தம் போட்டான். முன் ஹாலில் உட்கார்ந்திருந்தவர்கள் குழந்தைகளின் காதைப் பொத்தினார்கள். வெட்கமாகிவிட்டது. உட்கார்ந்தான்.

பார்த்துவிட்டுப் போக அனுமதி கிடைத்தது. அறைக் கதவு ஒரு கை நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. அந்தப் பக்கம் வேலுத்தாய் நின்றாள். இன்று அடுத்த ஆள் வருகிறார், பெங்களூர்க்காரராம், படுக்கையை மாற்றிக்கொண்டிருக்கிறோம் என்றாள். பிள்ளைகள் நன்றாகச் சாப்பிடுகிறார்கள் என்றாள்.

"வா, போவோம் வேலு."

"கதவு இவ்ளோதாங்க தொறக்கும்." அவள் இடுக்கு வழியாகக் கையை நீட்டினாள். "நீங்க போங்க. கடையில தேடுவாக."

அந்தக் கையைப் பிடித்தான். ஐஸ் மாதிரி இருந்தது. அவள் அதை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். அதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது.

கொண்டல்சாமி ஊருக்குப் போகவில்லை. இப்போது தனி ஆள் என்பதால் பேச்சிலர் அறை கிடைக்கும் என்று நினைத்தான். மனைவி மக்கள் ஏரிக்கரை ஓட்டலில் இருப்பது எல்லா லாட்ஜுக்கும் தெரிந்திருந்தது. குடும்பஸ்தருக்கு இல்லை என்றார்கள். கீழே இறங்கினான். வெயில் ஏறியது. அடிவாரத்தில் ஒரு விடுதிக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார். அங்கே தங்க வருகிறவர்கள் பெரும்பாலும் வயசாளிகள். அவர்களுக்கு ஒரு மகன் வேண்டியிருந்தது. முன்பு இருந்த மகன் சிகரெட் வாங்கப் போனவன் வரவில்லை.

அவனை மகனாகச் சேர்த்துவிட்ட அறையில் தங்கம்மாள் என்று ஒரு பெண்ணும் ஒரு சிறுமியும் இருந்தார்கள். தங்கம்மாள் அவனைக் கண்டதும் எழுந்தாள். ஒரு தட்டில் சோறு போட்டு நகர்த்தி வைத்தாள். சிறுமி அவனை அப்பா என்று கூப்பிட்டாள். கட்டிலில் படுத்திருந்த பெரியவர், வந்துட்டானா என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

அவன் பெரியவருக்குக் கால் பிடித்துவிட்டான். ஆடிக்கொண்டிருந்த மேசை மின்விசிறியைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினான். வைகாசி வந்தது, போனது. பெரியவர்கள் மாறினார்கள். எல்லாரும் ஒரே மாதிரி இருமினார்கள்.

ஒரு மத்தியானம் சிறுமி அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நம்ம ஊரு எதுப்பா?"

கொண்டல்சாமி தங்கம்மாளைப் பார்த்தான். தனக்குத் தெரியாது என்று அவள் தலையசைத்தாள். அவளும் கேட்பதற்காக அருகில் வந்து உட்கார்ந்தாள்.

சாத்தூர் என்றான். ஆற்றைப் பற்றிச் சொன்னான். வெள்ளரிப் பிஞ்சைப் பற்றிச் சொன்னான். தெருவையும், தெருக் குழாயையும், கதவு பூட்டிக் கிடக்கிற வீட்டையும் சொன்னான். சிறுமி வாய் திறந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அங்க நமக்கு யாருப்பா இருக்கா?"

அவன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான்.

"யாரும் இல்ல," என்றான்.

கட்டிலிலிருந்து பெரியவர் தண்ணீர் கேட்டார். அவன் எழுந்து மொண்டு கொடுத்தான்.