மூடிய கதவோடு நின்றுபோன தொடர்

"மூணு சீசனோட கழுத்த நெரிச்சுட்டாங்க! கொலை அது, கொலை!"

"யாரும் யாரையும் நெரிக்கல. சொல்ல வேண்டியதச் சொல்லிட்டு மரியாதையா முடிச்சாங்க."

"முடிச்சாங்களா? நீங்க என்ன, தூங்கிக்கிட்டே பாத்தீங்களா?"

இது தெருச்சண்டை இல்லை. இரண்டாம் மாடியில் கல்யாணம் பேச உட்கார்ந்த இடத்தில், தேநீர் ஆறுவதற்குள் மணப்பெண்ணும் மாப்பிள்ளையும் போட்ட சண்டை. மூன்றாம் மாடி அக்கா இரவல் வாங்கக் கிண்ணமும் கையுமாக இறங்கி வந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார். என்ன இரவல் கேட்பது என்று அவர் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை.

பெண்ணுக்குக் கட்டிடத்தில் பெயர் ராக்கெட். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறாள். மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். போன வருஷம் லிஃப்டைப் பழுது பார்க்க வந்தான். அன்றிலிருந்து அந்த லிஃப்டுக்கு வாராவாரம் ஏதாவது வந்துகொண்டே இருந்தது. நல்ல லிஃப்ட், பாவம், இவர்கள் காதலுக்காகக் கெட்ட பெயர் வாங்கிக்கொண்டது.

சண்டை மூட்டியது 'ஒன்பதாம் சுற்றுப்பாதை' என்ற தொலைக்காட்சித் தொடர். வழிதவறிய விண்கலம், உள்ளே ஏழு பேர், அவர்களில் ஒருத்தி கமாண்டர். பத்து வருஷத்துக்கு முன் ஓடியது. அப்புறம் எந்தச் சேனலும் அதைத் திரும்பப் போடவில்லை. மற்ற வீடுகளில் அந்தச் சேனல் புள்ளிபுள்ளியாகத்தான் தெரியும். ராக்கெட்டின் அப்பா, தையல்கடைக் கட்டிங் மாஸ்டர், வாராவாரம் டேப்பில் பதிவு செய்தார். அந்த டேப்புகள் மாடி மாடியாக ஏறி இறங்கின. அதனால் தொடரை அநியாயமாக நிறுத்திவிட்டார்கள் என்பதில் கட்டிடத்துக்குள் இரண்டாவது கருத்தே கிடையாது. இன்றுதான் ஒன்று வெளியிலிருந்து வந்து சோபாவில் உட்கார்ந்திருந்தது.

"கமாண்டர் எஞ்சின் ரூமுக்குள்ள போறா. கதவ மூடிக்கிறா. திரை இருட்டாகுது. அவ்வளவுதான்! செத்தாளா, பொழச்சாளா? இதுக்குப் பேரு முடிவா?" ராக்கெட்டுக்கு மூச்சு வாங்கியது.

மெக்கானிக் விழித்தான். "சரி, இருட்டான பிறகு?"

"இருட்டான பிறகு என்ன? இருட்டுதான்."

"கதவு திறக்குமே?"

"எந்தக் கதவுடா திறக்குது? கனவு கினவு கண்டியா நீ?"

'நீங்க' எப்போது 'நீ' ஆனது, அதோடு ஒரு 'டா' எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்று யாரும் கவனிக்கவில்லை, மாப்பிள்ளையின் அம்மாவைத் தவிர. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தையே விரலசைவில் ஆட்டிவைப்பவர். கோப்பையைத் தட்டில் வைத்தார்.

"எழுந்திருடா. டீவிப் பொட்டிக்கே இந்த வாய்னா, நாளைக்குக் குடும்பத்துல என்ன வாய் இருக்கும்?"

அவனை இழக்க ராக்கெட்டுக்கு மனசில்லை. ஒரு வார்த்தை, 'சரி, முடிச்சுட்டாங்கதான் போலிருக்கு' என்றால் போதும். அந்த ஒரு வார்த்தைதான் வரவில்லை. கமாண்டரை அந்த ரூமில் அடைத்துப் போட்டுவிட்டு நல்ல முடிவு என்று எப்படிச் சொல்வாள்?

மெக்கானிக் எழுந்தே விட்டான். "எங்க சித்தி வீட்ல டேப் இருக்கு. எடுத்துட்டு வர்றேன். அம்மா, நீ இங்கயே இரு."

"நானா? இங்கயா?"

அதற்குள் அவன் படியிறங்கிவிட்டான். லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

"வருவானாக்கா?" என்றாள் ராக்கெட், படிக்கட்டை எட்டிப் பார்த்து.

"அம்மாவ அடகு வெச்சுட்டுல்ல போயிருக்கான்? வருவான்," என்றார் மூன்றாம் மாடி அக்கா. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, ஓடிப்போய் எல்லா மாடிக்கும் சேதி சொல்லிவிட்டு வந்தார். இதற்கு மட்டும் மூட்டு வலி தெரியவில்லை.

அவன் ஸ்கூட்டர் சத்தம் கேட்டபோது கூடத்தில் நிற்க இடமில்லை. மாஸ்டர் மட்டும் சமையலறை வாசலில் நின்று, சுழலாத மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

டேப் ஓடியது. கமாண்டர் நடந்தாள். கதவு மூடியது. திரை இருட்டானது.

"பாத்தீங்களா!" என்றது கட்டிடம் ஒரே குரலில்.

சோப்பு விளம்பரம் வந்தது. அப்புறம் பற்பசை. கூட்டம் சலித்துக் கலையப் பார்த்தபோது திரையில் மறுபடி அந்தக் கதவு. வெளியிலிருந்து யாரோ அதைத் தட்டினார்கள்.

ராக்கெட் அலறியது கீழ்த்தளம் வரை கேட்டது.

கதவு திறந்தது. கமாண்டர் உயிரோடு நின்றாள். வெளியே ஆறு பேரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் தப்பிப்போகச் சொல்லியும் ஒருவர்கூடப் போகவில்லை. கலத்தின் வழிகாட்டி எழுந்து, "மேப் எரிஞ்சுபோச்சு. எந்தப் பக்கம் போறது?" என்றான். கமாண்டர் சிரித்தாள். ஜன்னல் வழியே ஒரு திசையைக் காட்டினாள். எழுத்துகள் ஓடின.

கூடத்தில் விசில் பறந்தது. ஒன்றாம் மாடி வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார். அப்புறம் எல்லாத் தலைகளும் மெல்லச் சமையலறைப் பக்கம் திரும்பின.

"விளம்பரம் வந்தா பதிவ நிறுத்தி வெப்பேன்," என்றார் மாஸ்டர், தரையைப் பார்த்தபடி. "டேப் வீணாகக் கூடாதுன்னு. அன்னிக்கு இருட்டாச்சு, இவ அழுதுக்கிட்டே உள்ள ஓடிட்டா, நானும் முடிஞ்சுபோச்சுன்னு..."

"அப்பா! சேனல்காரன் வெட்டல, நீங்கதான் வெட்டினீங்களா? பத்து வருஷம்ப்பா!"

"பழக்கதோஷம்மா. கடையிலயும் மிச்சம்னு தெரிஞ்சா வெட்டிடுவேன்."

மெக்கானிக் மெதுவாக, "மாமா, கல்யாணத் துணி மட்டும் நாங்க வெளிய தெச்சுக்கறோம்," என்றான். கூடம் சிரித்து ஓய வெகுநேரமாயிற்று. பிறகு அவன் ராக்கெட்டைப் பார்த்தான். "இப்போ சொல்லு. முடிச்சாங்களா இல்லையா?"

எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள். அவன் அம்மா கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டார்.

ராக்கெட்டின் கன்னம் நனைந்திருந்தது; கண்ணோ பளபளத்தது. "கதவ விட்டுடு, அதுல நான் தோத்தேன். ஆனா எந்தப் பக்கம்னு கேட்டானே! அவ கை காட்டினாளே! அங்க என்ன இருக்கு? இத்தனை நாள் செத்துட்டாளோன்னு அழுதேன். உயிரோட இருக்கறவள நடுவழியில நிறுத்திட்டானுங்களே, இது அதவிடக் கொடுமைடா!"

மெக்கானிக் திரையைத் திரும்பிப் பார்த்தான். பத்து வருஷமாக அந்தச் சிரிப்போடு எல்லாம் முடிந்ததென்று நிம்மதியாக இருந்தவன். அவள் காட்டிய பக்கம் என்ன இருக்கும் என்று அவன் ஒருநாளும் யோசித்ததில்லை.

"அந்தப் பொண்ணு கேக்கறது நியாயந்தானேடா?" என்றார் அவன் அம்மா திடீரென்று. "கை காட்டினா போதுமா? அங்க போனாங்களா இல்லையா?"

"தெரியாதும்மா. அதோட நிறுத்திட்டாங்க."

"எந்த மடையன் நிறுத்தினான்?" கைப்பை சோபாவுக்குக் கீழே போனது. "ஏம்மா, முதல் டேப்ப எடு. இவங்க எப்படி வழி தவறினாங்கன்னே எனக்குப் புரியல."

"இதோ அத்தை!" ராக்கெட் பாய்ந்தாள். அத்தை என்ற சொல்லை அந்த அம்மாள் மறுக்கவில்லை என்பதை மூன்றாம் மாடி அக்கா அன்று மாலையே நான்கு வீடுகளில் சொல்லிவிட்டார்.

இரண்டாம் சீசன் முடிவதற்குள் தேதி குறித்தார்கள். கல்யாணம் முடிந்ததும் ராக்கெட்டும் மெக்கானிக்கும் துறைமுகத்துப் பக்கம் குடிபோனார்கள். அங்கே உயரக் கட்டிடங்கள் அதிகம், அவனுக்கு வேலையும் அதிகம். அத்தை கூடப் போகவில்லை. வாத்தியார் மகளுக்குக் கல்யாணமாகி, வாத்தியாரும் அவளோடு வேறு ஊருக்குப் போனதால் காலியான ஒன்றாம் மாடி வீட்டுக்கு அவர் வந்துவிட்டார்; மூன்றாம் சீசன் டேப்புகள் மாஸ்டரிடம்தானே இருந்தன.