டிராயரில் இருந்த மாத்திரை

அந்த மருந்துக் கடையில் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் முதலாளி எங்களை வரிசையாக நிற்க வைத்துப் பிரார்த்தனை சொல்வார். மற்றவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். நான் எதிர் அலமாரியில் இருமல் மருந்துகளின் காலாவதித் தேதியைப் படித்துக்கொண்டிருப்பேன். எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்பது தெருவுக்கே தெரியும். "நீங்க நம்பாட்டிப் பரவாயில்ல, கவுண்டர் ஒழுங்கா ஓடினா போதும்" என்று முதலாளி சிரிப்பார். தலை குனியாமல் நின்றதைப் பெரிய வீரம் போல வீட்டில் கணவரிடம் அளப்பேன்.

முதலாளியின் ஒரு கட்டளைதான் தொண்டையில் சிக்கிக்கொண்டிருந்தது. கர்ப்பத்தைத் தடுக்கும் அவசர மாத்திரையைக் கல்யாணமாகாதவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. "இல்லைன்னு சொல்லிடுங்க. அந்தப் பாவம் நம்ம கடையிலேர்ந்து போக வேணாம்." யார் உடம்பு, யார் பாவம் என்று நானும் கத்தினேன், வீட்டில். கடையில் வாயைத் திறக்கவில்லை.

ஒரு மதியம் எதிர்ச்சாரி ஜெராக்ஸ் கடைப் பெண் வந்தாள். வயது இருபத்திரண்டு. வெளியூரில் கண் பரிசோதனைப் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டதென்று போன வாரம்தான் எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்திருந்தாள்.

"அக்கா, அந்த மாத்திரை வேணும். நேத்துதான்..." குரல் உள்ளே போய்விட்டது. "உங்ககிட்டன்னா தயங்காம கேக்கலாம்னு வந்தேன்."

மூன்று பெட்டிகள் என் முழங்காலுக்கு நேரே டிராயரில் இருந்தன. முதலாளி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"ஸ்டாக் இல்லம்மா."

"வேற எங்க கிடைக்கும்னாவது சொல்லுங்கக்கா."

இரண்டு தெரு தள்ளிக் கிடைக்கும். "தெரியலம்மா" என்றேன்.

ஐந்து மாதம் கழித்து, இரும்புச்சத்து மாத்திரைக்கான சீட்டோடு வந்தாள். வயிறு தெரிந்தது. அவசர அவசரமாகக் கல்யாணத்தை முடித்திருந்தார்கள். படிப்பு போயிற்று.

"வேற கடைக்குப் போகத் தைரியம் வரலக்கா. அன்னிக்கு ஸ்டாக் இல்லாமப் போனதே கடவுள் சித்தம்னு எங்க மாமியார் சொல்றாங்க."

என் பொய்க்கு அப்படி ஒரு பெயர் வைத்திருந்தார்கள். முதலாளி அன்று இல்லை. இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா, தெரியவில்லை.

"இருந்துச்சும்மா. நான்தான் இல்லைன்னேன்."

அவள் என்னையே பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. இரும்புச்சத்து மாத்திரையைக்கூட வாங்காமல் போய்விட்டாள்.

மறுநாள் முதலாளியிடம், இனி யார் கேட்டாலும் கொடுப்பேன் என்றேன். "அப்ப வேற இடம் பாத்துக்குங்க" என்றார், கோபமே இல்லாமல். பார்த்துக்கொண்டேன். புதுக் கடையில் கேட்பவர்களுக்கெல்லாம் கொடுக்கிறேன். "அந்தாளு சட்டத்துக்கு நீ என்ன பண்ணுவே?" என்று கணவர் தேற்றுகிறார். சட்டம் முதலாளியுடையதுதான். அதை அவளிடம் சொன்ன வாய் என்னுடையது. நம்புகிறவர்களுக்கு மன்னிக்க மேலே ஒருவர் இருக்கிறார். எனக்கு அவளை விட்டால் ஆள் இல்லை.

போன மாதம் பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன். இடுப்பில் குழந்தை. பக்கத்தில் போய், "இன்னும் எம்மேல கோவமா?" என்று கேட்டேன்.

குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டு, "இவன்னா எனக்கு உசுருதான்க்கா. ஆனா அது வேற, நீங்க அன்னிக்குச் சொன்னது வேற" என்றாள்.

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.