மாடத்தியின் தோள்

விருதுநகர் பஜாரில் ஜமால் முகம்மதுவின் ஜவுளிக்கடையில் வேலை பார்த்த மாடத்தி, கல்யாணப் பெண்ணின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் அந்தப் பெண்ணாகவே மாறிவிடுவாள். இது ஆரம்பித்தது 1953 சித்திரையில். மிளகாய் வத்தல் விலை ஏறிக் கிடந்த வருசம், அதனால் கல்யாணங்களும் அதிகம். அந்தக் காலத்தில் ஜவுளி எடுக்கப் பெண்ணைக் கூட்டிப் போகிற வழக்கம் கிடையாது. மாப்பிள்ளை வீட்டார் ரெண்டு வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். அத்தை, சித்தி, பெரியம்மா, நாத்தனார், அவள் இடுப்பில் ஒரு கைப்பிள்ளை, எதற்கு வந்தோம் என்றே தெரியாத நாலு ஆம்பளைகள், எல்லாரும் உண்டு. கட்டிக்கொள்ளப் போகிறவள் மட்டும் வீட்டில் உட்கார்ந்து கடலை உடைத்துக்கொண்டிருப்பாள். "பொண்ணு நம்ம சின்னவள விட ஒரு பிடி நெறம் கூட", "எங்கிட்டுக் கூட? மட்டுதான் மதினி" என்று அடித்துக்கொள்வதிலேயே பாதிப் பகல் போய்விடும்.

அப்படித்தான் இருக்கன்குடியில் பொங்கல் வைத்துவிட்டு நேரே கடைக்கு வந்த ஒரு கூட்டம், மூலையில் சேலை மடித்துக்கொண்டிருந்த பதினாறு வயசு மாடத்தியை எழுப்பி நிறுத்தி, "எங்க சண்முகத்தாய்க்கு இது எடுக்குமா பாப்போம்" என்று ஒரு மயில்கழுத்துப் பட்டை அவள் தோளில் போட்டது. பெயர் வாயை விட்டு விழுந்ததுதான் தாமதம், மாடத்தி நாலு விரல்கடை உயர்ந்தாள், நிறம் ஒரு படி வெளுத்தது, இடது கன்னத்தில் மிளகளவு மச்சம் ஒன்று வந்து உட்கார்ந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் கையிலிருந்த சோடாவைக் கீழே போட்டார். ஜமால் முகம்மது கலங்கவில்லை. முப்பது வருசமாகச் சேலை விற்கிற மனுசன், அவர் பார்க்காததா? "நல்லாப் பாத்துக்கோங்க, பெறகு நெறம் ஒத்து வரலன்னு திருப்பிக் கொண்டாரப்படாது" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டை அவிழ்த்தார். அப்போது மாடத்தியின் தோள் தானாக ஒரு உலுக்கு உலுக்கியது. மயில்கழுத்து வழுக்கி விழுந்தது. அடுத்துப் போட்ட நாலும் விழுந்தன. கத்திரிப்பூ நிறத்துக்கு மட்டும் தோள் அசையவில்லை. அதே நேரத்தில் அஞ்சு மைல் தள்ளித் தன் வீட்டில் இருந்த சண்முகத்தாய், தோளில் யாரோ பட்டு போடுவதை உணர்ந்து, பிடிக்காததையெல்லாம் உலுக்கித் தள்ளியிருக்கிறாள். கல்யாணத்தன்று அவளே சொல்லித்தான் ஊருக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு எட்டு வருசம் கடையில் கூட்டம் தாங்கவில்லை. திரும்பி வருவதற்கும் பெரிய மந்திரமெல்லாம் வேண்டாம், "ஏ மாடத்தி" என்று கூப்பிட்டால் போதும், பழையபடி ஆகிவிடுவாள். கால் தாங்கி நடக்கிற பெண்ணுக்கு நின்றால் தாங்கி நிற்பாள், தொட்டால் உடம்பு கூசுகிறவளுக்கு நின்றால் துணி பட்டதும் சிரித்து உருளுவாள். சாத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி எந்தச் சேலைக்கும் அடங்கவில்லை. முப்பத்தெட்டாவது சேலையும் விழுந்த பிறகு மாப்பிள்ளை வீட்டாருக்கு விசயம் புரிந்து, கல்யாணத்தை விட்டுவிட்டு, வந்ததற்கு ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். அந்தப் பெண் இப்போது டீச்சராக இருக்கிறாள். 1958-இல் ஜமால் முகம்மதுவின் மகள் பைரோஜாவுக்கே நிக்காஹ் வந்தது. கடைக்குப் பின்கட்டில்தான் வீடு. கடைக்கு வர அவளுக்கு அனுமதியில்லாததால் நடுவில் தொங்கிய திரையை விலக்கி, கடையில் தானே நிற்பதைத் தானே பார்த்தாள். பார்த்துவிட்டு ஏழு சேலையைத் தள்ளினாள். "அடியாத்தீ, நா இம்புட்டு லச்சணமா இருக்கேனா? ஒருத்தரும் சொல்லலையே!" என்று அன்று பூரா அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து ரெண்டு பேரும் இணைபிரியாத சேக்காளிகள்.

இதில் மாடத்திக்கு ஒரு குறை இருந்தது, யாரிடமும் சொல்லாத குறை. அவள் தன்னைத் தான் முழுசாகப் பார்த்ததேயில்லை. வீட்டில் இருந்தது கையகலக் கண்ணாடி, அதில் ஒரு கண்ணும் அரை மூக்கும் தெரியும். கடையில் ஆளுயரக் கண்ணாடி இருந்தது, ஆனால் அதில் கடைசியாக நின்ற கல்யாணப் பெண்ணே அன்று முழுக்க நிற்பாள், மறுநாள் காலையில் அடுத்தவள் வந்துவிடுவாள். முந்நூறு பெண்ணுக்குப் பிடித்ததை அறிந்தவளுக்குத் தனக்கு எது எடுக்கும் என்று தெரியாது. நாம் கறுப்பு, நமக்கு என்ன பெரிதாக எடுத்துவிடப் போகிறது என்று நினைத்துக்கொள்வாள். நினைக்கும்போதெல்லாம் வலிக்கத்தான் செய்தது.

அவளைச் சரியாகப் பார்த்தவன் ஒருத்தன் இருந்தான். ஆனைக்குட்டத்துச் சண்முகவேல். வீட்டில் பருத்திக் காடு இருந்தும், அவன் சிவகாசியில் பட்டாசு லேபிள் அடிக்கிற பிரஸ்ஸில் மிசின் ஓட்டினான். உருளையில் மை துடைக்கக் கழிவுத்துணி வாங்க மாசம் ஒருமுறை கடைக்கு வருவான். அவள் யாராக நின்றாலும், நெட்டையோ குட்டையோ, சிவப்போ கறுப்போ, வாசலில் கால் வைத்ததும் "என்ன மாடத்தி, சௌக்கியமா?" என்பான். உடனே அவள் பழையபடி மாடத்தியாகிவிடுவாள், பாதி வியாபாரம் கெட்டுவிடும், ஜமால் முகம்மது தலையில் அடித்துக்கொள்வார். எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று ஒருநாள் அவளே கேட்டாள். "புதுப் பட்டத் தொட்டா நீ மட்டுந்தான் வெரல மோந்து பாக்கே" என்றான். 1961 தையில் அவன் பெண் கேட்டு ஆள் அனுப்பினான். மாடத்தியின் அம்மா கருப்பம்மாள் சரி என்றாள், மாடத்தியை யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அதற்கு முன்னாலேயே சரி என்றிருப்பாள்.

சண்முகவேலின் அம்மா வெள்ளைத்தாய் லேசுப்பட்ட ஆளில்லை. கல்யாணத்துக்கு ஒத்துக்கொண்டாள், ஆனால் ஒரு கண்டிசன். "கூறைச் சேலைய நாந்தேன் எடுப்பேன். தோள ஆட்டி ஆட்டி மாமியா எடுத்த சேலையத் தள்ளிவிடுற வித்தையெல்லாம் எங்கிட்ட ஆகாது. அன்னிக்கு அவ கடைக்குள்ள காலு வைக்கப்படாது. அளவு பாக்க வேற எவளையாச்சும் நிறுத்துங்க." ஊரில் இருக்கிற பெண்ணுக்கெல்லாம் பிடித்ததை எடுத்துக் கொடுத்த மாடத்தி, தன் கழுத்தில் தாலி ஏறும்போது யாருக்கோ பிடித்ததைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். பின்கட்டில் போய் அழுதாள். பைரோஜா தாய்வீட்டுக்கு வந்திருந்த சமயம். "அழாதடி கழுத. நீ எனக்கு நின்னேல்ல? நா ஒனக்கு நிக்கேன்" என்றாள்.

"எப்படிக்கா முடியும்?"

"நீ எப்படி நின்னே? போயி நின்னே. அம்புட்டுத்தானே!"

ஜவுளி எடுக்கிற நாள் வந்தது. திரைக்குப் பின்னால் பைரோஜாவின் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மாடத்தி உட்கார்ந்தாள். கடைக்குள் வரக்கூடாது என்றுதானே பேச்சு, வீடு வேறு கடை வேறு. தன் மகள் கடையில் நிற்க வேண்டுமென்றால் ஆண்கள் இருக்கக்கூடாது என்று ஜமால் முகம்மது மாப்பிள்ளை வீட்டு ஆம்பளைகளை டீ குடிக்க அழைத்துப் போய்விட்டார். அந்தக் கடை ஆம்பளை இல்லாமல் நடந்த ஒரே பகல் அது. கல்லாவில் அவர் சம்சாரம் பீவி ஜான் உட்கார்ந்தாள். வெள்ளைத்தாய் முதலில் கையில் எடுத்தது மாம்பழ மஞ்சள். "எங்க மாடத்திக்கு இதுதேன்" என்று பைரோஜாவின் தோளில் போட்டாள்.

பைரோஜா மாடத்தி ஆனாள். நின்று கொடுத்தவளுக்கு நின்று கொடுப்பதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? இந்த வித்தை இன்னொருத்திக்கும் வருமென்று எதிர்பார்க்காத வெள்ளைத்தாய், வந்தது வரட்டும் என்ற வீம்பில் சேலையை எடுக்கவில்லை. திரையின் இடுக்கில் மாடத்தி முதல்முறையாகத் தன்னைப் பார்த்தாள். நல்ல உயரம். எண்ணெய் தேய்த்த தேக்குப் பலகை போல ஒரு கறுப்பு. தாடையில் சின்ன வயசில் கிணற்றுப்படியில் விழுந்த தழும்பு. இவளையா நாம் இத்தனை வருசம் மட்டமாக நினைத்தோம் என்று அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. தோளில் மஞ்சள் பட்டு கனத்தது. ஒரு உலுக்கு. கடையில் சேலை பொத்தென்று விழுந்தது. வெள்ளைத்தாய் திரும்பப் போட்டாள், திரும்ப விழுந்தது. பச்சை விழுந்தது, ஊதா விழுந்தது, வெங்காயச் சருகு விழுந்தது. பழுத்த மிளகாய்ச் சிவப்பில் ஒன்றைப் பீவி ஜான் எடுத்து நீட்ட, "கறுத்த பிள்ளைக்குச் செவப்பா? ஊரு சிரிக்கும்" என்று அதைத் தூக்கி ஓரமாக வீசினாள் வெள்ளைத்தாய். மறுபடி மஞ்சள். மறுபடி உலுக்கு. பதினோராவது தடவை அவளுக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

"என்னம்மா பிகு பண்ணுதே? நாங் கட்டலையா? எங்க மாமியா எடுத்துப் போட்ட தவுட்டு நெறத்த நாங் கட்டலையா? மணவறையில அழுதுகிட்டே கட்டுனேன்..."

கையிலிருந்த மஞ்சளைக் கீழே வைத்தாள். "பெட்டிக்குள்ள போட்டவதேன், இந்நாள் வரைக்கும் அத நா வெளிய எடுக்கல" என்றாள், குரல் இறங்கி. பிறகு தானே போய் ஓரத்தில் கிடந்த மிளகாய்ச் சிவப்பை எடுத்துத் தட்டி, மெதுவாக அந்தத் தோளில் போட்டாள். தோள் அசையவில்லை. திரைக்குப் பின்னால் மாடத்தி தன் விரலை மோந்து பார்த்தாள், புதுப் பட்டு வாசம் அடித்தது.

பைரோஜாவைப் பெயர் சொல்லி அழைத்து மீட்டார்கள். மாடத்தி இடுப்பில் பிள்ளையோடு, முகமெல்லாம் ஈரமாக, திரையை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள். தான் சொன்னதையெல்லாம் இவள் திரைக்குப் பின்னால் இருந்து கேட்டிருக்கிறாள் என்று வெள்ளைத்தாய்க்கு விளங்கிவிட்டது. திட்டுவாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவளோ மூட்டை கட்டி முடிந்ததும் மருமகளைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனாள்.

"ஏ தாயி, வெள்ளைத்தாய்னு ஒருத்தி இருந்தா. முப்பத்திரண்டு வருசத்துக்கு முன்ன. பதினாறு வயசு. அவளுக்கு நிக்க முடியுமா ஒன்னால?"

மாடத்தி பிள்ளையைப் பைரோஜாவிடம் கொடுத்துவிட்டுப் போய் நின்றாள். ரெட்டைச் சடையும் தெத்துப் பல்லுமாக ஒரு பெண் கடை நடுவில் நின்று எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள். நாலு சேலையைத் தள்ளினாள். கிளிப்பச்சை வந்ததும் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். அந்தத் தை மாசக் கடைசியில் ஆனைக்குட்டத்தில் கல்யாணம் நடந்தது. மணவறையில் மிளகாய்ச் சிவப்பு, அதற்குப் பக்கத்தில் நாற்பத்தெட்டு வயசில் கிளிப்பச்சை. ஊரில் ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை, நல்லா எடுத்திருக்கு என்றுதான் சொன்னார்கள். மாடத்தி அதற்குப் பிறகு வேறு யாருக்கும் நிற்காததால், கல்யாணத்துக்கு மறுநாள் கடை திறந்தபோது கண்ணாடியில் தெத்துப்பல்காரி இன்னும் சிரித்துக்கொண்டு நின்றாள். முதல் போணிக்கு வந்த கூட்டம் அவளுக்கும் ஒரு வணக்கம் வைத்துவிட்டுச் சேலை பார்க்க உட்கார்ந்தது.